முகவீணைக்காரர் மகள்

வைகாசி வெயில் இன்னும் முழுதாக இறங்காத ஒரு சாயங்காலம். விழுப்புரம் புதிய பஸ் ஸ்டாண்டில், கையில் சுருட்டிய கோரைப்பாயும் தோளில் பெரிய பையுமாக டீச்சர் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார். பாயைப் பார்த்த கண்டக்டர், "வேண்டுதலாம்மா? மேல்மலையனூரா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. கூத்து பாக்கப் போறேன். அஞ்சு ராத்திரி."

டிக்கெட் மெஷின் மேல் இருந்த அவர் விரல் அப்படியே நின்றது. "அஞ்சு ராத்திரியுமா? எங்க ஆயா இப்பிடித்தான் பாயத் தூக்கிக்கினு கெளம்பும். இப்ப யாரும்மா முழுசா உக்காந்து பாக்குறாங்க?" என்றவர், கூடவே, "எந்த ஊர்லம்மா?" என்றும் விசாரித்துக்கொண்டார்.

இந்தக் கதைக்குப் பெயர்கள் தேவையில்லை. டீச்சர், டெய்லர், நர்ஸ் என்றால் போதும். முப்பது வருஷத்துக்கும் மேல் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற டீச்சருக்கு விழுப்புரத்தில் வீடு. டெய்லருக்குத் திண்டிவனத்தில் தையல் கடை. நர்ஸ் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இப்போது மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். 1979-ல் மூவரும் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, ஒரே பெஞ்சு.

சித்திரை கடைசியில் டெய்லரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏய், எங்க மாமியார் ஊர்ல இந்த வருஷம் பாரதம் வக்கிறாங்கடி. பத்து வருஷம் கழிச்சு வக்கிறாங்க. படுகளம் வரைக்கும் இருக்கற மாதிரி ரெண்டு பேரும் வந்துடுங்க. படுக்கத் திண்ணை இருக்குது, சோறு நான் போடுறேன்."

டீச்சர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸின் பதில் வந்துவிட்டது. 'வரேன்.' அந்த ஒரே சொல்தான்.

டீச்சருக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நர்ஸ் ஒரு தடவைகூடக் கூத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஏன் என்பது டீச்சருக்குத் தெரியும்.

பெங்களூரில் படிக்கும் பேத்திக்குப் பாட்டியின் பயணம் பெரிய வேடிக்கையாகிவிட்டது. இங்கிலாந்தில் ஒரு பால் பண்ணை நிலத்தில் 1970-லிருந்து நடக்கும் கிளாஸ்டன்பரி இசை விழாவின் வீடியோவை அனுப்பி, "நீ போறதும் இதுதான் பாட்டி" என்று எழுதியிருந்தாள். ஐந்து நாள், வயல்வெளி, கூடாரம், முழங்கால் அளவு சேறு, ஆயிரக்கணக்கில் ஜனம். டீச்சர் முழுவதையும் பார்த்தார். பெரிய வித்தியாசம் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. அங்கே டிக்கெட் வாங்கவேண்டும். இங்கே ஊரார் தலைக்கட்டு வரி கட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

அந்த ஊர் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. திரௌபதி அம்மனுக்கு இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் கோயில். செஞ்சிக்கு அருகில் உள்ள மேலச்சேரிதான் அம்மனுக்கு ஆதி இடம் என்று சொல்வார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி 1988-ல் வந்தது. அதன் துணைத்தலைப்பே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்பதுதான். விழுப்புரத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாட்டாகப் பாடி, வழக்குத் தமிழில் விளக்கம் சொல்வார் பிரசங்கியார். வில்லிபுத்தூரார் பிறந்ததாகச் சொல்லப்படும் சனியூர் இருந்த திருமுனைப்பாடி நாடும் இந்தச் சீமைதான். அதனால் அவரை ஏதோ பக்கத்து ஊர்ப் பெரியவர் மாதிரியே இங்கே பேசுவார்கள். பகலில் கேட்ட கதை ராத்திரி பத்து மணிக்கு மேல் வேஷம் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கும். விடிகிற வரை ஓயாது.

முதல் ராத்திரி சூது, துகில். ஆறு மணிக்கே டெய்லர் போய்க் கோயில் மைதானத்தில் பாய் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து இடம் பிடித்துவிட்டு வந்திருந்தார். பத்து மணிக்கு மூவரும் போனபோது மைதானம் நிறைந்துகிடந்தது. ஒரு பக்கம் பஜ்ஜிக் கடை, பலூன்காரர், பொரி கடலை. இன்னொரு பக்கம் கட்டைச் சுவரில் வரிசையாக இளவட்டங்கள், ஆளுக்கொரு போன். எல்.ஈ.டி. விளக்கு பகலைப் போலக் கண்ணைக் கூசவைத்தது. அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள் மின்னிய அழகு இந்த விளக்கில் இல்லை.

வாத்தியக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து களரி கட்ட ஆரம்பித்தார்கள். மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம். அவற்றுக்கு மேலே, காதைக் கீறுகிற மாதிரி ஒரு குரல் எழுந்தது. நர்ஸ் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெஞ்சின் ஓரத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் முகவீணை ஊதிக்கொண்டிருந்தார்.

வீணை என்று பெயரில் இருந்தாலும் தந்தி எதுவும் கிடையாது. நாதஸ்வரத்தின் குட்டி அது. ஒரு முழம்கூட இருக்காது. சின்னச் சீவாளி, சின்னச் சின்னத் துளைகள். கூத்தில் பாடுகிறவர்கள் மேல் கட்டையில் பாடுவார்கள். அந்த உயரத்துக்குச் சமமாக ஏறி, பாட்டோடு கூடவே போய், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்பி, அடுத்த அடிக்கு எடுத்துக்கொடுக்கிறது முகவீணை. மைக் வராத காலத்தில் கூத்து நடக்கும் சேதியை வயல் தாண்டிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனது அதுதான். ஊதுகிறவர் மூச்சை விடாமல் கன்னத்தில் தேக்கிவைத்து மூக்கால் இழுத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க இப்படியே. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுருதி நின்றுவிடும். இதில் நெஞ்சு இருந்தால்தான் சுருதி நிற்கும். புதிதாகக் கற்றுக்கொள்ள ஆள் வராததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. பல ஜமாக்களில் இப்போது முகவீணையே கிடையாது.

நர்ஸ் மடியில் இருந்த துணிப்பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார். ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அந்தப் பையை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. டெய்லர், "நகையாடி உள்ள?" என்று கேட்டதற்கும் பதிலில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து கட்டியக்காரன் வந்தான். "மகாராஜா வர்றாரு, செல்போன வச்சிருக்கறவங்க எல்லாம் உள்ள வைங்க, அஸ்தினாபுரத்துல டவர் இல்ல" என்றான். குழந்தைகள் குப்புறப் புரண்டு சிரித்தன. ரெண்டு பேர் பிடித்த திரைக்கு மேலே துரியோதனன் கிரீடம் தெரிந்தது. காலில் சலங்கை தரையை அறைந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜகீர்த்தியும்தான் என்று தெரிந்தாலும், திரை விலகி அவர் ஒரு சுற்றுச் சுற்றும்போது தங்கம் என்றே மனசு நம்பிவிடுகிறது. துச்சாதனன் சேலையில் கை வைக்கும் கட்டம் வந்ததும் ஆட்டம் நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள். திரௌபதி வேஷம் கட்டியவர் முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஆடினார். கூட்டத்தில் பல பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

டீச்சர் கூத்தைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் முகவீணைக்காரரின் கன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1979-ஆம் வருஷம். நர்ஸின் அப்பா பட்டாளத்தில் இருப்பதாகத்தான் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவளே சொன்னது. ஒரு விடுமுறைக்கு அத்தை ஊருக்குப் போன டீச்சர், அங்கே நடந்த கூத்தில், வாத்தியப் பெஞ்சுக்குப் பின்னால் மிருதங்க உறையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த தன் பெஞ்சுத் தோழியைப் பார்த்துவிட்டாள். முன்னால் அவள் அப்பா கன்னம் உப்ப முகவீணை ஊதிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள். தோழி இரண்டு மார்க் அதிகம். இடைவேளையில், வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி டீச்சர் சொன்னாள்: "இவங்கப்பா பட்டாளமும் இல்ல ஒண்ணும் இல்ல. கூத்தாடி. பீப்பீ ஊதுறாரு." சொல்லிவிட்டுக் கன்னத்தை உப்பிக் காட்டினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பெண் வராந்தாவில் நடந்தால் இரண்டு பக்கமும் கன்னங்கள் உப்பின.

கூத்தாடி என்பது தொழிலின் பெயர்தான். ஆனால் இந்தத் தமிழ்நாட்டில் அதைத் தொழிலின் பெயராக யார் சொல்கிறார்கள்? வசையாகத்தான் வாயில் வருகிறது. ராத்திரி முழுக்கத் தர்மராஜாவாக இருந்தவருக்கு விடிந்ததும் திண்ணையில்தான் இலை என்று இருந்த ஊர்கள் உண்டு. அம்மன் வாசலிலும் அதே கதைதான். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் யார் போகலாம் என்ற தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் கதவைப் பூட்டிச் சீல் வைக்கவேண்டி வந்தது. சபையில் அவமானப்பட்டவளைத்தான் தெய்வமாக வைத்திருக்கிறார்கள் என்பதை இரு தரப்புக்கும் யாராவது ஞாபகப்படுத்தினார்களோ என்னவோ.

அந்தப் பெண் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. பத்தாம் நாள் வந்து, அதே பெஞ்சில், அதே இடத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திறந்தாள். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எப்படியோ பேச்சு வந்து, சிநேகம் வந்து, டீச்சரின் முதல் பிரசவம் சிக்கலானபோது மூன்று ராத்திரி தூங்காமல் பக்கத்தில் இருந்ததும் அதே நர்ஸ்தான். நல்லது செய்யச் செய்ய டீச்சருக்குக் கடன் ஏறியது. வேலைக்கு வந்தபிறகு ஒரு தடவை, வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனைக் 'கூத்தாடி மவனே' என்று கூப்பிட்டான். டீச்சர் ஸ்கேல் உடைகிற மாதிரி அடித்துவிட்டார். அந்த அடியில் பாதி யாருக்குரியது என்று அவருக்குத் தெரியும்.

இந்த ஐந்து ராத்திரியில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் பாயைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் ராத்திரி அர்ச்சுனன் தபசு. நெடுநெடுவென்று நட்ட தபசு மரத்தில் படிக்கட்டை ஒவ்வொன்றாக ஏறி, ஏறும்போதெல்லாம் பாடி, விடியும் நேரத்துக்கு அர்ச்சுனன் உச்சிக்குப் போனார். கீழே பிள்ளை வரம் வேண்டி ஈரப்புடவையோடு பெண்கள் மடியேந்தி நின்றார்கள். அவர் மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் பூவும் வீச, ஒரு பழம் குறி தப்பி டீச்சர் மடியில் விழுந்தது. "அறுபது வயசுல உனக்கெதுக்குடி?" என்று டெய்லர் பிடுங்கி, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண் கையில் திணித்தார். அன்றைக்கு மூவரும் சிரித்த சிரிப்பில் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

மூன்றாம் ராத்திரி கிருஷ்ணன் தூது. ஒன்றரை மணிக்கு மழை. கிரீடப் பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கிருஷ்ணனும் துரியோதனனும் ஒரே குடையின் கீழ் பீடி குடித்தார்கள். கோயில் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது டீச்சர் வாயைத் திறந்தார். நர்ஸ் தூணில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். பையை மட்டும் விடவில்லை.

பகல் எல்லாம் ஒரே மாதிரி. எட்டு மணிக்குத் திண்ணையில் விழுந்தால் வெயில் முகத்தில் அடிக்கிற வரை தூக்கம். காப்புக் கட்டிய ஊரில் கவுச்சி கூடாது. டெய்லரின் மாமியார் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும், மத்தியானம் முருங்கைக்கீரையும் சோறும் போட்டார். எண்பது வயதிலும் அவர் ஒரு ராத்திரி விடாமல் கூத்துக்கு வந்தார். நடுநடுவே தூங்கிவிட்டு, சரியாகச் சண்டை வரும்போது கண்ணைத் திறப்பார். அது எப்படி என்று கேட்டால், "மோளம் எழுப்பிடும்" என்றார்.

நாலாம் ராத்திரி கர்ண மோட்சம்.

மற்ற எந்தக் கூத்துக்கும் இல்லாத கூட்டம் இதற்கு உண்டு. இந்தப் பக்கத்தில் கருமாதியின்போதும் கர்ண மோட்சம் வைப்பார்கள். இறந்தவருக்கும் அதனால் மோட்சம் என்று நம்பிக்கை. கூத்தில் கர்ணனுக்குப் பொன்னுருவி என்று ஒரு மனைவி. ராஜகுமாரி. போருக்குக் கிளம்புகிறவன் விடைபெற வந்தால், அவனைக் கிட்டே சேர்க்கமாட்டாள். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், குலம் கோத்திரம் தெரியாதவன் என்று அடுக்கடுக்காகப் பேசுவாள். கட்டியக்காரன் நடுவில் புகுந்து சமாதானம் செய்கிற மாதிரி இன்னும் மூட்டிவிடுவான். கூட்டம் சிரித்துக்கொண்டே கலங்கும்.

மூன்று மணி இருக்கும். பொன்னுருவியின் ஏச்சு உச்சத்தில் இருந்தபோது டீச்சரால் உட்கார முடியவில்லை. எழுந்து டீக்கடைக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் நர்ஸும் பின்னாலேயே வந்து நின்றார். ஆளுக்கொரு பேப்பர் கப். ஒலிபெருக்கியில் பொன்னுருவி விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஸ்கூல்ல நான்…" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"தெரியும்."

"இன்னும் சொல்லவே இல்லியேடி."

"கன்னத்த உப்பிக் காட்டினியே, அதத்தான சொல்லப் போற. நாலு நாளா நீ வாயத் தொறக்குறதும் மூடுறதுமா இருக்கிறத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

டீச்சருக்குக் கை நடுங்கி டீ சிந்தியது. "மன்னிச்சுடுடி. நாப்பத்தாறு வருஷமா…"

நர்ஸ் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினார். "வலிச்சுதுடி. இல்லன்னு சொல்லமாட்டேன். பேரன் பலூன் ஊதினாகூட எனக்கு இன்னும் வயித்தப் பெசையும். ஆனா உன் கணக்க நான் எப்பவோ முடிச்சுட்டேன். எங்கப்பா கணக்குதான் முடியல."

டீச்சருக்குப் புரியவில்லை.

"அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு அவர் வந்தாரு. நான் பிரைஸ் வாங்குறேன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, பேப்பர்ல பூ சுத்தி எடுத்துக்கிட்டு கேட்டுகிட்ட நிக்கிறாரு. பெரிய டீச்சர் என்னக் கேட்டாங்க, யாரும்மா அதுன்னு. எங்க ஊரு ஆளு டீச்சர்னேன். மூணடி தூரத்துல நிக்கிறாரு அவரு. காதுல விழுந்துச்சு. ஆமாங்கம்மா, பக்கத்து வூடுன்னு அவரே சொல்லிட்டாரு."

கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றினார். ஆவி அடித்தது.

"திரும்பி வர்றப்ப குச்சி ஐஸ் வாங்கித் தந்தாரு. அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல, அன்னிக்கும் பேசல, சாகிற வரைக்கும் பேசல. சீசன் இல்லாத மாசத்துல மல்லாட்டை புடுங்கப் போயி என்னை நர்சிங் படிக்க வச்சாரு. கல்யாணத்துல எங்க மாமனார் வூட்டுக்கு அவர் விவசாயம்னு சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னாரு. செத்து பதினாறாம் நாளு ஜமாக்காரங்க எல்லாம் காசு வாங்காம வந்து இதே கர்ண மோட்சம் வச்சாங்க. எனக்கு நைட் டூட்டின்னு சொல்லிட்டுக் கடைசி பஸ்ஸுல கெளம்பிட்டேன். டூட்டியே இல்ல."

ஒலிபெருக்கியில் கர்ணன் தேர் ஏறினான். மிருதங்கம் வேகம் பிடித்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல குந்தி வருவா பாரு. அவ்ளோ நாளு வாயத் தொறக்காதவ, ஊரறிய மடியில போட்டு மவனேன்னு அழுவா. அவளாவது அதச் செஞ்சா."

டீச்சருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நர்ஸின் புறங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் பொட்டலத்தில் சூடான போண்டாவோடு டெய்லர் வந்துவிட்டார். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் எதுக்குடி இப்பவே அழுவுறீங்க? கர்ணன் இன்னும் சாவலியே."

மூவரும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். குந்தி வந்தபோது மைதானத்தில் அழாதவர் குறைவு. நர்ஸ் மட்டும் அழவில்லை. முகவீணைப் பெரியவர் குந்தியின் குரலுக்குப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போன இழுப்பைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி ராத்திரி பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம். மைதானத்துக்குப் பக்கத்தில் மண்ணாலேயே துரியோதனனைப் படுக்கவைத்திருந்தார்கள். ஆள் மேலே ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிது. முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் கதை. வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓடி ஓடி அடித்துக்கொண்டார்கள். வெயில் ஏறியிருந்தது, அரிதாரம் வியர்வையில் ஒழுகியது. தொடை பிளந்து செந்நீர் பீறிட்டதும் ஊரே ஒரு குரலாகக் கத்தியது. திரௌபதி வேஷக்காரர் அதை எடுத்து விரித்த கூந்தலில் தடவி, பூ வைத்து முடித்துக்கொண்டார். குலவைச் சத்தம் அடங்குவதற்குள் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஓடிவந்து அவன் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். இவ்வளவு நாள் அவன் சாகவேண்டும் என்று காத்திருந்த கூட்டம், அவன் பெண்டாட்டிக்காக அழுதது. இந்த நியாயம் வேறு எந்த நாடகத்தில் இருக்கிறது? ந.முத்துசாமி போன்றவர்கள் நவீன நாடகத்துக்கு வழி தேடித் தெருக்கூத்திடம் வந்து நின்றது சும்மா இல்லை.

ஒப்பாரி முடிந்ததும் ஜனங்கள் மண்ணுருவத்திலிருந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளினார்கள். நெல் குதிரிலும் நிலத்திலும் போடுவார்களாம். டெய்லரின் மாமியார் முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பிப் பார்த்தால் நர்ஸைக் காணவில்லை.

ஜமாக்காரர்கள் வேஷம் கலைக்கும் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். பீமன் தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரும் டெய்லரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நர்ஸ் பையைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். கறுத்து வழவழத்த முகவீணை.

ஜமாவின் வாத்தியார், "யாருதும்மா?" என்று கேட்டார்.

"எங்கப்பாவோடது." கொஞ்சம் நிறுத்தி, கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நர்ஸ் சொன்னார்: "அவர் கூத்துல ஊதுனவரு. நான் அவரு பொண்ணு."

யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "அப்பிடியா, உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினார்கள். முகவீணைப் பெரியவர் வாங்கித் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். சீவாளி இற்றுப்போயிருந்தது. தன்னுடையதைக் கழற்றி, வாயில் ஈரப்படுத்தி, அதில் பொருத்தி ஊதினார். முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு கமறல். மூன்றாம் தரம் சத்தம் பிடித்தது. ஐந்து ராத்திரி ஊதிய நெஞ்சில் என்ன மிச்சம் இருக்கும்? ஆனாலும் நீளமாக ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். நர்ஸ் அப்போதுதான் அழுதார்.

"மரம் நல்லா இருக்குதும்மா. உள்ள எண்ணெய் காட்டணும்" என்றார் பெரியவர்.

டோலக் வாசித்த பையன், ப்ளஸ் ஒன் படிக்கிறவன், துளைகளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வார்டில் பேசும் குரலுக்கு மாறினார்.

"கத்துக்குவியா?"

அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் தோளைக் குலுக்கினார்.

"ஆடியோட சீசன் முடியுதுல்ல. இவர்கிட்ட கத்துக்க. தை மாசம் வந்து கேப்பேன். ஊதிக் காட்டுனா உனக்கு. இல்லன்னா கெடையாது."

சாயங்காலம் தீமிதி பார்த்து, மறுநாள் தர்மர் பட்டாபிஷேகம் முடித்துத்தான் போகவேண்டும் என்றார் மாமியார். இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். திண்டிவனத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவச டிக்கெட். கண்டக்டர் மூன்று சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். முகவீணை இப்போது பைக்குள் இல்லை. நர்ஸ் மடியில், துணி விலக்கியபடியே கிடந்தது.

முன் சீட்டில் அம்மா தோளில் தொங்கிக்கொண்டிருந்த பையனுக்கு நாலு வயது இருக்கும். அதையே பார்த்தான்.

"பீப்பீயா?"

டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாண்டா, பீப்பீதான்" என்றார் நர்ஸ். "எங்கப்பாவோடது."

"எப்பிடி ஊதுவாரு?"

நர்ஸ் டீச்சரின் தோளை இடித்துத் திருப்பினார். பிறகு இரண்டு கன்னத்தையும் நன்றாக உப்பி, கண்ணை உருட்டி, பையனுக்குக் காட்டினார்.